தோனுவின் வலது கால்

தாலின், நொம்மே
2 செப்டம்பர் 1996

மதிப்பிற்குரிய விர்வே,

உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்குமோ என்னவோ. தெரியாவிட்டால் கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நான் ஆர்வெத் லெப்பிக். பொம்மைப் படப் பட்டறையில் ஆறு வருடம் உங்கள் பொம்மைகளுக்குக் கம்பியால் எலும்பு செய்து கொடுத்தவன். இருபத்தெட்டு வருடமாக ஒரு வரியும் எழுதாதவன். உங்கள் முகவரியை அருங்காட்சியகப் பொறுப்பாளர் பெண் கொடுத்தாள். கேட்காமல் வாங்கிக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் நம் தோனுவைப் புதிதாகச் செய்து தரச் சொல்கிறார்கள். உறைந்த கடலின் மேல் நடந்து தீவுக்குப் பார்சல் கொண்டுபோகும் நம் தபால்காரத் தோனுவைத்தான். பழைய பொம்மை ஒரு காலணிப் பெட்டியில் என்னிடம் வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சு பழுப்புத் தூளாகிவிட்டது. கோட்டைப் பூச்சி அரித்திருக்கிறது. தலை மட்டும் அப்படியே இருக்கிறது, நீங்கள் பூசிய சிவந்த மூக்கோடு. கூடவே அவன் நடந்த பனிக்கடலையும் அனுப்பியிருக்கிறார்கள். அதாவது வெள்ளை பூசிய அந்த நீளப் பலகையை, மூன்று துண்டாகக் கழற்றி. என் சமையலறையில் வைக்க இடமில்லாததால் அதைப் படுக்கையின் மேல் வைத்துவிட்டு நான் நாற்காலியில் தூங்குகிறேன்.

புதிய பொம்மை எந்த நிலையிலும் நிற்க வேண்டும், குழந்தைகள் கையால் அசைத்துப் பார்ப்பார்கள் என்கிறாள் அந்தப் பெண். நவம்பர் பத்து, மார்ட்டின் திருநாளுக்குள் வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு மூன்று நாள், முடியாது என்று சொல்லத் தொலைபேசி வரை போய்த் திரும்பினேன். காலையில் என் கை நடுங்குகிறது. பத்து மணிக்கு மேல் நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மேல் வேலை செய்யலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அவனைச் செய்தவன்தான் நான். பதினோரு மாதம் ஒவ்வொரு அசைவாக நகர்த்தி நடக்க வைத்தவர் நீங்கள். சும்மா நிற்கும்போது அவன் எப்படி நிற்பான்? எடை எந்தக் காலில் இருக்கும்?

இரண்டாவது, அந்தக் கால். வலது தொடையில் நான்கு மில்லிமீட்டர் குறை. கம்பி இழைகளைச் சேர்த்து முறுக்கினால் நீளம் குறையும், குறையும் அளவைச் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். அந்த நான்கைச் சேர்க்க நான் மறந்திருக்கிறேன். எப்படி மறந்தேன் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. குறிப்பேட்டில் இரண்டு காலுக்கும் ஒரே அளவுதான் எழுதியிருக்கிறது. அப்படியானால் தவறியது கைதான். இயக்குநர் கால்யு எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டதில் தப்பில்லை. நான் வேலையை விட்டதிலும் தப்பில்லை. அதைப் பேச இதை எழுதவில்லை. இப்போது காலைச் சரியான அளவில் செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். அவனை நடக்க வைத்தவர் என்ற முறையில் உங்களுக்கு மறுப்பு இருக்குமா?

பதில் எழுத நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

மரியாதையுடன்,
ஆர்வெத் லெப்பிக்


ஹீயுமா தீவு, காய்னா
9 செப்டம்பர் 1996

ஆர்வெத்!

உயிரோடுதான் இருக்கிறாயா? உன் கையெழுத்து தெரியாமல் போகுமா எனக்கு? ஒவ்வொரு எழுத்தும் ரொட்டிக் கடை வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி, முன்னால் இருப்பவரை இடிக்காமல், யாரையும் முந்தாமல் நிற்கிறது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரியிடமே சத்தமாகச் சொன்னேன், "இந்த மனுசன் செத்துட்டார்னு நெனச்சிட்டு இருந்தேன்டி." அவள் பயந்துபோய், "அப்ப திருப்பி அனுப்பிடவா?" என்றாள்.

தோனு எப்படி நிற்பான் என்று கேட்கிறாய். கண்ணை மூடினால் என் விரல் தானாகவே அவனை நிறுத்துகிறது. எடை இடது காலில் இருக்கும். மார்பில் பார்சல் தொங்குவதால் இடுப்பு பின்னால் போகும், தலை முன்னால் வரும். யாரோ கூப்பிட்டது போலக் கழுத்து கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கும். அடி எடுத்து வைக்கும்போது முதலில் தோள்தான் கிளம்பும், கால் அப்புறம். என் அப்பா அப்படித்தான் நடப்பார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

உன் கடிதத்தால் மூன்று நாளாக மனசளவில் அந்தப் பழைய பட்டறையிலேயே இருக்கிறேன். அடுப்பின் மேல் எப்போதும் கொதிக்கும் அந்தப் பசைச் சட்டி. அதன் பக்கத்திலேயே கால்யு காபி போட்டு, ஒரு நாள் சட்டி மாறிக் குடித்தது. விளக்குச் சூட்டில் நான் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றால், வெளியே மைனஸ் இருபது. நீ சலவைச் சோப்பைக் கம்பியில் தேய்த்துச் சூடு காட்டுவாயே, சோப்பு கறுத்ததும் கம்பி இளகிவிட்டது என்று எடுப்பாயே, அந்த வாசனை. ஊரில் எங்காவது துணி வெளுக்கிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தோன்றும்.

புதுப் பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு படப்பிடிப்பு அறை வாசலில் நிற்பாய். உள்ளே வரமாட்டாய்.

"உள்ள வாய்யா ஆர்வெத். பெத்த புள்ளையத் தூக்கிட்டு வந்த மாதிரி அங்கயே நிக்கற?"

"இல்ல… முழங்கால் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. இன்னிக்கு மட்டும் மெதுவா மடக்குங்க."

"மடக்கலன்னா?"

"மடக்கலன்னா… அது ஒண்ணும் சொல்லாது. நான்தான் கவலப்படுவேன்."

நான் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய், காது சிவக்க.

காலைப் பற்றிக் கேட்டாய். தொடாதே. அப்படியே குறைவாகவே செய். இங்கே கடல் உறைந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் தோனு மாதிரி நொண்டித்தான் நடக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் அப்படி நடந்தவர்கள்தான். நாலு மில்லிமீட்டரை விடு. பழைய கதையைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

புகைபோட்ட மீன் இரண்டு அனுப்புகிறேன். பலகைக்குப் பக்கத்தில் வைக்காதே, வாசனை ஏறிவிடும். ராத்திரி படுக்கையில் படுத்துத் தூங்கு.

விர்வே


நொம்மே
17 செப்டம்பர் 1996

மதிப்பிற்குரிய விர்வே,

மீனுக்கு நன்றி. ஒன்றைச் சாப்பிட்டேன், இன்னொன்றைச் சாப்பிட மனம் வராமல் இரண்டு நாள் வைத்திருந்து பிறகு சாப்பிட்டேன். நீங்கள் சொன்னபடியே பழைய தலையை ஒரு தற்காலிக முதுகெலும்பில் பொருத்தி நிறுத்திப் பார்த்தேன். அவனேதான். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனால் இப்போது பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம். இது என் பழக்கதோஷம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பலகையில் நீங்கள் போட்ட துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அடிக்கும் அவன் பாதத்தைக் கீழிருந்து திருகாணியால் முடுக்குவீர்கள். அடுத்த அடிக்குப் போனதும் துளையை வெள்ளை மெழுகால் அடைப்பீர்கள். அந்த மெழுகு இப்போது மஞ்சளாகிவிட்டதால் எல்லாத் துளைகளும் வரிசையாகத் தெரிகின்றன. அவன் நடந்த தடம் முழுவதும் என் படுக்கையில் கிடக்கிறது. நான் அளந்தேன்.

முதல் எழுபத்தொரு அடிகளும் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான். எழுபத்தொன்றாவது துளைக்குப் பக்கத்தில் பெயிண்ட் சுரண்டியிருக்கிறது. அவன் பனியில் வழுக்கி விழும் இடம் அதுதான். அதற்குப் பிறகு ஒரு அடி ஐம்பத்தைந்து, அடுத்தது நாற்பத்து மூன்று. கடைசித் துளை வரை அப்படியே போகிறது.

கால்யு அன்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "ஆரம்பத்துலேர்ந்தே கோணல். விழறதுக்கு முன்னாடி யாரும் கவனிக்கல, அவ்வளவுதான்." நானும் அப்படியே நம்பினேன். ஆனால் தொடக்கத்திலிருந்தே ஒரு கால் குறைவாக இருந்தால் முதல் எழுபத்தொரு அடி எப்படிச் சமமாக விழும்? மூன்று முறை அளந்தேன். இன்னொரு அளவுகோல் வாங்கி வந்தும் அளந்தேன்.

என் கணக்கில் எங்கோ பிசகு இருக்கும். எங்கே என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
ஆர்வெத்


காய்னா
25 செப்டம்பர் 1996

ஆர்வெத்,

நீ மாறவே இல்லை. கடலையே கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் துளைகளைத்தான் எண்ணுவாய். மரப்பலகை இருபத்தெட்டு வருடம் ஈரத்தில் கிடந்தால் வீங்காதா? சுருங்காதா? எனக்கு எதுவும் நினைவில்லை.

இங்கே உருளைக்கிழங்கு தோண்டும் நேரம். ஆள் கிடைக்கவில்லை, முதுகு ஒத்துழைக்கவில்லை. அளவுகோலை வைத்துவிட்டு வேறு ஏதாவது செய். காலை உன் இஷ்டப்படி வைத்துக்கொள்.

வி.


நொம்மே
4 அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய விர்வே,

உங்களைத் தொந்தரவு செய்துவிட்டேன் என்று தெரிகிறது. இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பலகை வீங்கியிருந்தால் முதல் பாதியும் வீங்கியிருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உருளைக்கிழங்கு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. அறுபத்தெட்டு செப்டம்பரில் பட்டறையிலிருந்து மூன்று பேரைக் கூட்டுப்பண்ணைக்குக் கிழங்கு தோண்ட அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். இரண்டு வாரம் நான் ஊரில் இல்லை. கால்யுவும் மாஸ்கோ போயிருந்தார். தோனு விழும் காட்சி அந்த இரண்டு வாரத்தில் எடுத்தது.

நேற்று பழைய பொம்மையின் கால்களைப் பிரித்தேன். அன்று கால்யு பொம்மையைத் திருப்பி வாங்கிக்கொண்டதால் மேலே வைத்து அளக்க மட்டும்தான் எனக்கு நேரம் கிடைத்தது. உள்ளே பார்த்ததில்லை.

இடது கால் முழுவதும் என் வேலை. கையால் சுற்றும் துளைக்கருவியில் கம்பியின் நுனியைப் பிடித்து முறுக்குவேன். அதனால் என் முறுக்கு எப்போதும் ஒரே திசையில், ஒரே நெருக்கத்தில் இருக்கும். வலது காலில் முழங்காலுக்குக் கீழே அதே முறுக்கு. முழங்காலுக்கு மேலே வேறு கம்பி. முறுக்கு எதிர்த் திசையில் போகிறது. நெருக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது, கம்பி முழுவதும் குறட்டின் பல் தடம். இணைத்த இடத்தில் சிவப்புப் பருத்தி நூல் சுற்றியிருக்கிறது. என்னிடம் எப்போதும் வெள்ளை நூல்தான் இருந்தது.

வலது கையால் குறடு பிடித்து மூன்று துண்டு முறுக்கினேன். இடது கையால் மூன்று. இடது கையால் முறுக்கியவை அந்தத் தொடையைப் போலவே வந்தன. பட்டறையில் இடது கைக்காரர் ஒருவர்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் வரைபட அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடம் இருந்தேன். போட்ட கோட்டை மூன்று முறை சரிபார்க்காமல் அனுப்பியதில்லை. என்னுடன் சேர்ந்தவர்கள் பதவியில் மேலே போனார்கள். "லெப்பிக் கிட்ட குடுத்தா தப்பு வராது, ஆனா வேலையும் திரும்பி வராது" என்பார்கள். அது உண்மைதான். ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் போதுமா, குறைகிறதா என்று மனதுக்குள் அளந்து, கடைசியில் சொல்லாமலே வந்துவிடுவேன். அந்த வருடம் அக்டோபரில் உங்களிடம் ஒன்று கேட்பதாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஹாப்சாலுக் கடற்கரைக்கு வருகிறீர்களா என்று. பெரிய கேள்வி இல்லை. பொம்மையின் காலைக்கூட அளக்கத் தெரியாதவன் எதைக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அடித்துவிடலாம் என்றால் பேனாவால் எழுதிவிட்டேன்.

விர்வே, அந்தத் தொடையை முறுக்கியது நீங்கள்தானா?

ஆர்வெத்


காய்னா
13 அக்டோபர் 1996

ஆர்வெத்,

நான்தான்.

மூன்று தாளைக் கிழித்துப்போட்டு நான்காவதில் முதல் வரியாக இதை எழுதிவிட்டேன். இனி பின்வாங்க முடியாது.

விழும் காட்சிக்கு அவனை அறுபது எழுபது தடவை மடக்கி நிமிர்த்தியிருப்பேன். ஒரு கட்டத்தில் முழங்காலுக்கு மேலே விரலுக்கடியில் ஏதோ நழுவியது. சத்தமே இல்லை. கால் துணி மாதிரி தொங்கியது. நீ உருளைக்கிழங்கில் இருந்தாய். கால்யு மாஸ்கோவில் இருந்தான். மாதக் கடைசிக்குள் அந்தக் காட்சி முடியாவிட்டால் அரசாங்கம் விதித்த மாதத் திட்டம் தவறிப்போகும், பட்டறையில் ஒருவருக்கும் ஊக்கத்தொகை வராது. தையல்காரிகள் மூன்று பேரும் குளிர்காலப் பூட்ஸுக்கு அதைத்தான் நம்பியிருந்தார்கள். இதெல்லாம் நிஜம். ஆனால் இன்னொரு நிஜமும் உண்டு. நீ செய்வதை ஆறு வருடம் பார்த்தவள்தானே, இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

உன் பெட்டியிலிருந்து கம்பி எடுத்தேன். உன் குறிப்பேட்டைத் திறந்து தொடையின் அளவைப் பார்த்தேன். அதே அளவுக்கு வெட்டினேன். வெட்டிய பிறகு முறுக்கினேன். முறுக்கினால் குறையும் என்று நீ சொல்லிக் கேட்டிருக்கிறேனா? நூறு தடவை. அன்றைக்கு நினைவு வரவில்லை. துணியைத் தைத்து மூடி, அவனை எழுப்பி நிறுத்தினேன். சாய்ந்து நின்றான். சரி, விழுந்து அடிபட்டவன்தானே என்று நடக்க விட்டேன். அழகாக நடந்தான் ஆர்வெத். அதுதான் கஷ்டம்.

பிறகு லெனின்கிராடிலிருந்து கழுவிய படச்சுருள் வந்த நாள். உனக்கு நினைவிருப்பதைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கும்.

"என்னடா கால் இது? விழுந்து எந்திரிச்சவன் நிமிந்து நடக்கணும்னு எழுதியிருக்கேன், இவன் நொண்டிட்டுப் போறான்! ரெண்டு குச்சிய ஒரே அளவுல வெட்டத் தெரியாதவனெல்லாம் இஞ்சினியர்!"

நீ தொப்பியைக் கையில் பிடித்தபடி, "அளந்து பாக்கறேன்" என்றாய். அளந்தாய். "நாலு மில்லிமீட்டர். நான்… முறுக்குக்குச் சேக்கலபோல இருக்கு. மன்னிக்கணும்."

உனக்கு இரண்டடி தள்ளி, கையில் கத்தரிக்கோலோடு நான் நின்றேன். வாயைத் திறந்தேன். கால்யு என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணும் அவனுக்குப் பரிஞ்சு பேச வேணாம்" என்றான். வாயை மூடிக்கொள்ள அது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? நாளைக்குத் தேநீர் நேரத்தில் உன்னிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ தேநீருக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் உன் மேசை காலியாக இருந்தது.

அப்புறம் படம் வெளியே போனது. குழந்தைகளுக்கு நொண்டல் பிடித்துப்போயிற்று. "தோனுவின் தனித்துவமான நடைக்காக" என்று எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து ஹார்ரியைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தத் தீவுக்கு வந்தேன். நல்ல மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஹாப்சாலுவைப் பற்றி எழுதியிருந்தாய். வந்திருப்பேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

விர்வே


நொம்மே
21 அக்டோபர் 1996

விர்வே,

கடிதம் கிடைத்தது. என் குறிப்பேடு சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

தோனுவின் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது எழுத வரவில்லை.

ஆர்வெத் லெப்பிக்


காய்னா
27 அக்டோபர் 1996

ஆர்வெத்,

நீ பதில் எழுத வேண்டும் என்று இதை எழுதவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை கப்பல் பிடித்து, பேருந்து பிடித்து தாலினுக்கு வந்தேன். கால்யு இப்போது மகள் வீட்டில் இருக்கிறான். எண்பது வயது. ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாயில் புகையிலை இல்லாத பைப்போடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "விர்வே! நீ இன்னும் குண்டாகலியா?" என்றான். நான் உட்காரக்கூட இல்லை.

"தோனுவோட கால குட்டையாக்குனது நான்தான் கால்யு. ஆர்வெத் இல்ல. நீ அவரப் போட்டுத் திட்டினப்ப நான் பக்கத்துலயே நின்னுட்டு வாய மூடிட்டு இருந்தேன்."

"எந்தக் காலு?"

"நொண்டற காலு."

"அடி போடி. நொண்டல் என்னோட யோசனையில்ல? விழுந்தவன் வலியோட நடந்தாத்தான் பிள்ளைங்களுக்குப் புடிக்கும்னு நான்தான் உங்கிட்ட சொன்னேன். பத்திரிகையில எல்லாம் பேட்டி குடுத்திருக்கேனே!"

"நீ சொல்லல. நீ கத்தின. ஆர்வெத்த எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கத்தின."

"எந்த ஆர்வெத்து?"

"எலும்பு செய்வாரே. லெப்பிக்."

பைப்பால் முழங்காலைத் தட்டினான். "ஓ, அந்தக் கண்ணாடிக்காரனா! அருமையான கை அவனுக்கு. அவன் செஞ்ச முழங்கால் மாதிரி அதுக்கப்புறம் ஒருத்தனும் செய்யல. திடீர்னு போய்ட்டான். ஏன் போனான்? சம்பளம் பத்தலியா?"

அவன் நடிக்கவில்லை ஆர்வெத். நிஜமாகவே ஞாபகமில்லை அவனுக்கு. இருபத்தெட்டு வருடம் நீ சுமந்ததும் நான் ஒளித்ததும், அவனுக்கு ஒரு நாள் மதியச் சாப்பாடு வரைக்கும்கூட நிற்கவில்லை. நான் உரக்கக் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, மகள் ஓடி வந்துவிட்டாள். மறுபடி ஒருமுறை முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது பைப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். கிளம்பும்போது, "அவன் இருக்கானா? நான் கேட்டேன்னு சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசி செய்தேன். காலைக் கெடுத்தது யார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் பாவம், "அப்ப புதுக் கால் என்ன அளவு வரும்?" என்று மட்டும் கேட்டாள். அதை முடிவு செய்ய வேண்டியவர் ஆர்வெத் என்றேன்.

அப்புறம் நொம்மேக்கு ரயில் பிடித்தேன். உன் வீட்டுக் கதவருகே பைன் மரத்தடியில் நின்றேன். ஜன்னலில் நீ தெரிந்தாய். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு மேசையைத் தொடும்படி குனிந்து, எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாய். மணியில் கை வைத்தேன். அழுத்தவில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொள்வதுதான் எனக்குக் கைவந்த கலை.

விர்வே


நொம்மே
2 நவம்பர் 1996

அன்புள்ள விர்வே,

"சம்பளம் பத்தலியா?" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். நாற்காலி ஆடும்படி சிரித்தேன். அதன் பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துவைத்தேன், மறுபடி எடுத்தேன். அவர் "அருமையான கை" என்று சொன்னதை நீங்களாகச் சேர்த்திருப்பீர்களோ என்றுகூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். இல்லை, உங்களுக்கு அப்படிச் சேர்க்க வராது. சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விடுவதுதான் உங்களிடம் உள்ள குறை. இதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை. மணி ஒன்பதரைதான் ஆகிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அளவு சரியாக வரவில்லை, கிழித்துவிட்டேன். எனக்குக் கோபம் இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக ஒருவர் மேல் கோபப்படுவது களைப்பாக இருக்கிறது. இடையில் எழுந்து தேநீர் போட வேண்டியிருக்கிறது. அது எப்போது தீரும் என்று தெரியவில்லை. தீர்ந்தால் சொல்கிறேன். அன்று நீங்கள் மணியை அழுத்தியிருந்தால் கதவைத் திறந்திருப்பேன். என்ன பேசியிருப்பேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தோனு முடிந்துவிட்டான். உங்கள் கடிதம் வந்த அன்றே நிறுத்திய இடத்திலிருந்து வேலையை மறுபடி தொடங்கிவிட்டேன். மார்புக்கும் இடுப்புக்கும் லிண்டன் மரக்கட்டை. முறுக்கிய கம்பியில் எலும்பு வரும் இடமெல்லாம் நூல் சுற்றிப் பசை பூசி விறைக்க வைத்து, மூட்டுகளை மட்டும் இளக்கமாக விட்டிருக்கிறேன். விரல்களுக்கு மெல்லிய செம்புக் கம்பி. பாதத்தில் திருகாணி மாட்ட மரை வைத்திருக்கிறேன். கோட்டை அளவெடுத்து நானே தைத்தேன். தையலைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள்.

முதலில் இரண்டு கால்களையும் சமமாகத்தான் செய்தேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன். மேசையில் நிறுத்தினேன். பிசிறில்லாமல் நின்றான். நீங்கள் சொன்னபடி கழுத்தைத் திருப்பினேன், தோளை முன்னால் கொண்டுவந்தேன், ஒரு அடி வைத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். யாரோ ஒரு நல்ல மனிதர் நின்றுகொண்டிருந்தார். வங்கியிலோ வேறெங்கோ வேலை பார்ப்பவர். தோனு இல்லை.

வலது காலைப் பிரித்தேன். புதுக் கம்பியை எடுத்து, முறுக்கினால் குறையும் அளவைச் சேர்த்து, அதிலிருந்து நான்கு மில்லிமீட்டரைக் கழித்து வெட்டினேன். முறுக்கி முடித்ததும் மூன்று முறை அளந்தேன். மிகச் சரியாக நான்கு மில்லிமீட்டர் குறைவு. குறிப்பேட்டில், "வலது தொடை, நான்கு குறைவு, தெரிந்தே செய்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிறுத்தினேன். எடை தானாக இடது காலுக்குப் போயிற்று.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்ததே. அசைப்பவர் பொம்மையை ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை அது எலும்பு செய்தவன் மேசையை விட்டுப் போகக் கூடாது. அதை மீற எனக்கு மனமில்லை. ஏழாம் தேதி வியாழக்கிழமை காலைப் பேருந்தில் கிளம்பி, மதியக் கப்பலில் தோனுவோடு வருகிறேன். வெள்ளிக்கிழமை அவனை அருங்காட்சியகத்தில் சேர்த்தால் போதும். கப்பல்துறைக்கு நீங்கள் வர வேண்டாம், குளிராக இருக்கும். வந்தாலும் சரிதான்.

அவனை நன்றாக மடக்கிப் பாருங்கள். மெதுவாக மடக்கச் சொல்ல மாட்டேன். இந்த முறை ஏதாவது உடைந்தால் நான் பக்கத்திலேயே நிற்பேன். உடனே சொல்லிவிடுங்கள்.

ஆர்வெத்